ரசீது இல்லாத நன்கொடை

திண்டுக்கல்லில் நான் கணக்காளராக இருந்த தொண்டு நிறுவனத்தில் மாதத்தின் கடைசி வேலை நாளன்று பிற்பகல் மூன்று மணிக்குச் சம்பளம் கொடுப்போம். களப்பணியாளர்கள் 11 பேர். ஒவ்வொருவராக என் மேசைக்கு வந்து வவுச்சரில் ஒட்டிய ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் கையெழுத்துப் போடுவார்கள். 2009-ல் அந்த வவுச்சரில் இருந்த தொகை 6,000 ரூபாய். நான் எண்ணிக் கொடுத்தது 4,500. மீதி 1,500 ரூபாயை அன்று மாலையே ‘உள்ளூர்ப் பங்களிப்பு’ என்ற தலைப்பில் வரவு வைப்பேன். கொடுத்தவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘நலம்விரும்பிகள்’ என்று எழுதுவேன். 11 பேருக்கும் இது தெரியும். ஒருவர்கூட ரசீது கேட்டதில்லை.

இதைப் படிக்கிறவர்களுக்கு இயக்குநர் அந்தப் பணத்தைத் தின்றுவிட்டார் என்றுதான் தோன்றும். அப்படி இல்லை. அந்தப் பணம் எங்கே போனது என்று ஒரு ரூபாய் விடாமல் எனக்குத் தெரியும். எங்களுக்கு நிதி கொடுத்த அமைப்பு, திட்டச் செலவில் நான்கில் மூன்று பங்குதான் தரும். மிச்சத்தை நாங்கள் உள்ளூரில் திரட்ட வேண்டும் என்பது ஒப்பந்தம். அதிலும் அலுவலக வாடகை, மின்கட்டணம், தணிக்கையாளர் கட்டணம் எதையும் அவர்கள் ஏற்க மாட்டார்கள். வறட்சிக்குப் பேர்போன ஒரு வட்டாரத்தில், கூலி வேலைக்குப் போகிற குடும்பங்களிடம் நாங்கள் என்ன திரட்டுவது? ஆகவே, எங்களுக்கு மிக அருகில் இருந்தவர்களிடம், மறுக்க முடியாதவர்களிடம் திரட்டினோம். சம்பளத்தைக் கொடுத்த கையாலேயே திரும்ப எடுத்துக்கொண்டோம்.

தொண்டு நிறுவன ஊழியர்களுக்கு நல்ல சம்பளம் கொடுக்கலாமா, அது தர்மப் பணத்தை வீணடிப்பதாகாதா என்ற பேச்சு எங்கே எழுந்தாலும் எனக்கு அந்த 1,500 ரூபாய்தான் நினைவுக்கு வருகிறது. 2004 முதல் இன்றுவரை மூன்று நிறுவனங்களில் கணக்கு எழுதியிருக்கிறேன். நல்ல சம்பளம் கொடுக்கத்தான் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதற்கான காரணத்தைத்தான் நான் மிகத் தாமதமாகப் புரிந்துகொண்டேன்.

அந்த நாட்களில் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் மாதம் தவறாமல் ஐந்தாம் தேதி அலுவலகத்துக்கு வருவார். மணியார்டரோ காசோலையோ அனுப்ப மாட்டார். பஸ் ஏறி நேரில் வந்து, சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த 500 ரூபாயை எடுத்துக் கொடுத்து, ரசீதைக் கண்ணாடிக்கு அருகில் பிடித்துப் படித்துவிட்டுப் போவார். ஒரு நாள் கேட்டார்: “அம்மா, நான் கொடுப்பதில் பிள்ளைகளுக்கு எவ்வளவு போய்ச் சேரும்?”

“நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு ரூபாய், சார்” என்றேன்.

எங்கள் மடிப்பிதழிலேயே அப்படித்தான் அச்சாகியிருந்தது. அந்த 92-ஐ உருவாக்கியது நான்தான். அலுவலக வாடகையைப் ‘பயிற்சி மையச் செலவு’ என்று எழுதுவேன். ஜீப்பின் டீசல் ‘களப் பயணம்’ ஆகிவிடும். என் சம்பளத்தின் பாதியை ‘ஆவணப்படுத்தல்’ என்ற தலைப்பில் போட்டுவிடுவேன். தணிக்கையாளர் ஒவ்வோர் ஆண்டும் அதைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிக் கையெழுத்துப் போடுவார். எல்லா நிறுவனங்களும் இப்படித்தான் எழுதுகின்றன என்பது அவருக்கும் தெரியும். ஆசிரியர் என்னைப் பார்த்துச் சிரித்து, “நல்லது, நிம்மதியாக இருக்கிறது” என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். அவருக்குப் பொய் சொன்னேன் என்பதைவிட, அந்தப் பொய்தான் அவரை நிம்மதியாக்கியது என்பதே என்னை இன்னும் உறுத்துகிறது.

எங்கள் களப்பணியாளர்களில் மூத்தவரை எல்லோரும் அக்கா என்றுதான் அழைப்போம். பிளஸ் டூ படித்தவர். வேடசந்தூர், குஜிலியம்பாறைப் பக்கம் 14 கிராமங்கள் அவர் பொறுப்பில் இருந்தன. அந்த வட்டாரத்தின் நூற்பாலைகளைப் பற்றி வெளியூர்க்காரர்களும் கேள்விப்பட்டிருப்பார்கள். ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் வளரிளம் பெண்களை மூன்றாண்டு ஒப்பந்தத்தில் ஆலை விடுதியில் தங்கவைத்து வேலை வாங்குவார்கள். மூன்றாண்டு முடிந்தால் திருமணச் செலவுக்கென்று முப்பதாயிரமோ நாற்பதாயிரமோ ஐம்பதாயிரமோ மொத்தமாகக் கிடைக்கும் என்பது வாக்குறுதி. இரண்டே முக்கால் ஆண்டில் உடம்புக்கு முடியாமல் வீடு திரும்பினால் அந்தத் தொகை இல்லை என்று கைவிரித்த ஆலைகள் உண்டு. அப்படித் திரும்பிய பெண்களைத் தேடிக் கண்டுபிடித்து, அவர்களுக்கு வர வேண்டிய பணத்தைக் கேட்டுப் பெறுவதும், அவர்களை மறுபடி படிக்கவைப்பதும்தான் எங்கள் திட்டம்.

அக்கா செய்த வேலையை ஒரு வேலை விளக்கத் தாளில் எழுத முடியாது. ஒரு பெண் ஊருக்குத் திரும்பிவிட்டாள் என்பதே வெளியில் தெரியாது. வீட்டில் மூடி மறைப்பார்கள். எந்த வீட்டு வாசலில் கோலம் திடீரென்று நேர்த்தியாகிறது, எந்தத் தாய் கடையில் வயிற்றுவலிக்கு மாத்திரை கேட்கிறாள் என்பதையெல்லாம் கவனித்து வைத்திருப்பார். முதல் நாள் அந்த வீட்டில் ஒன்றும் பேச மாட்டார். புளி உடைத்துக்கொண்டிருந்தால் உடன் உட்கார்ந்து உடைப்பார். மூன்றாவது முறையோ நான்காவது முறையோ போகும்போது அந்தப் பெண்ணே வந்து பக்கத்தில் உட்காருவாள். சில இரவுகளில் பத்து மணிக்கு மேல் அவருடைய கைப்பேசி ஒலிக்கும்; விடுதிக் காவலாளியின் பேசியிலிருந்து ஏதோ ஒரு பெண் கூப்பிடுவாள். நிதி அமைப்பிலிருந்து ஆய்வுக்கு வந்த ஒருவர் இதையெல்லாம் கேட்டுவிட்டு வியந்து குறிப்பெடுத்தார். அறிக்கையில் ‘அர்ப்பணிப்பு மிக்க பணியாளர்’ என்று ஒரு வரி வந்தது. பட்ஜெட்டில் ஒரு ரூபாயும் கூடவில்லை.

ஒரு முறை நானும் அக்காவுடன் போயிருந்தேன். பணம் வராமல் ஆலையிலிருந்து திரும்பிய ஒரு பெண்ணின் வீடு. பதினேழு வயதிருக்கும். அவளுடைய சம்பளக் கணக்கை நான் தாளில் எழுதிக்கொண்டிருந்தேன். நாளொன்றுக்கு எவ்வளவு, சாப்பாட்டுக்குப் பிடித்தது எவ்வளவு, ஒப்பந்தத்தில் ஒதுக்கிவைத்தது எவ்வளவு என்று அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். முடித்ததும் அவள் அக்காவின் முகத்தைப் பார்த்து, “உங்களுக்கு எவ்வளவுக்கா சம்பளம்?” என்று கேட்டாள். வேறு எந்த எண்ணமும் இல்லாமல், பெரியவளானால் தானும் இந்த வேலைக்கு வரலாமா என்று தெரிந்துகொள்ளக் கேட்டாள் என்றுதான் நினைக்கிறேன். அக்கா பதில் சொல்லவில்லை. நான் எழுதிய தாளைப் பார்த்தேன். சாப்பாடும் தங்குமிடமும் சேர்த்தால் அந்தப் பெண்ணுக்கு ஆலை கொடுத்ததற்கும், நாங்கள் அக்காவின் கையில் கொடுத்ததற்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆலை அவளிடமிருந்து ஒரு பகுதியைப் பிடித்து வைத்தது. நாங்களும் பிடித்தோம். ஆலையாவது அதைத் திருப்பித் தருவதாகச் சொல்லியிருந்தது.

பணிக்கொடை விஷயமும் இதேதான். 1972-ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டப்படி பத்துப் பேருக்குக் குறையாத நிறுவனத்தில் ஐந்தாண்டு தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு, ஆண்டுக்கு 15 நாள் சம்பளம் என்ற கணக்கில் பணிக்கொடை தர வேண்டும் என்றிருந்தது. நாங்கள் என்ன செய்தோம்? 11 மாத ஒப்பந்தம் போட்டோம். 12-ஆவது மாதத்தில் சில நாட்கள் இடைவெளி விட்டு மறுபடி புது ஒப்பந்தம். ஓராண்டில் 240 நாள் வேலை செய்தாலே அதைத் தொடர்பணியாகக் கொள்ள வேண்டும் என்று அந்தச் சட்டத்திலேயே இருந்தது. களப்பணியாளர்களுக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும். ஆலைப் பெண்களுக்காகத் தொழிலாளர் அலுவலகத்துக்கு மனு எழுதிக் கொடுத்தபோது நான் படித்தறிந்த சட்டங்கள்தான் அவை. எங்கள் ஆட்களுக்காக ஒரு தாளும் எழுதவில்லை.

தொண்டுக்கு வந்தவர்கள் தியாகம் செய்ய வேண்டும் என்று சொல்கிறவர்களிடம் எனக்கு ஒரு கேள்வி உண்டு. தியாகம் செய்வது யார்? அக்காவின் கணவர் மினி வேன் ஓட்டினார். வீட்டு வாடகை அவருடையது. மாமியார் ஆடு வளர்த்தார். பிள்ளைகளின் புத்தகமும் சீருடையும் அதிலிருந்து வந்தன. எங்களிடம் இருந்த இன்னொருவருக்கு அண்ணன் திருப்பூரிலிருந்து மாதாமாதம் பணம் அனுப்பினார். ஒருவருடைய அப்பா மின்வாரியத்தில் வேலை பார்த்தவர். ஆக, எங்கள் திட்டத்துக்குப் பணம் கொடுத்தவர்கள் பட்டியலில் ஒரு மினி வேனும் நான்கு ஆடுகளும் திருப்பூர்ப் பனியன் கம்பெனித் தையல்காரர் ஒருவரும் இருந்தார்கள். அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. அவர்களுக்கு நன்கொடைக்கு வரிச்சலுகை தரும் 80-ஜி சான்றிதழ் கிடையாது. ஆண்டறிக்கையின் நன்றிப் பக்கத்தில் அவர்களுடைய பெயர் வராது.

இப்படி முட்டுக்கொடுக்க ஆளில்லாதவர் என்ன ஆவார்? 2010-ல் ஓர் இளைஞன் சேர்ந்தான். தலித் குடியிருப்பிலிருந்து வந்த முதல் தலைமுறைப் பட்டதாரி; சமூகப்பணியில் முதுகலை படித்தவன். கூட்டங்களில் அவன் பேசினால் எழுந்து போக நினைத்தவர்களும் உட்கார்ந்துவிடுவார்கள். அவனைப் போன்றவர்கள்தான் இந்த வேலைக்கு வர வேண்டும் என்று இயக்குநரே பலமுறை சொல்லியிருக்கிறார். எட்டு மாதம் இருந்தான். கல்விக் கடன் தவணையைக் கட்ட முடியவில்லை. தங்கைக்கு வரன் வேறு வந்துவிட்டது. ஒரு நுண்கடன் நிறுவனத்தில் வசூல் அலுவலராகப் போய்ச் சேர்ந்தான். சம்பளம் இரண்டு மடங்கு. பெட்ரோல் படி தனி. அதே கிராமங்கள், அதே மகளிர் குழுக்கள். நேற்றுவரை அவனிடம் குறை சொல்லி அழுத பெண்களிடம் இன்று தவணை கேட்டுப் போய் நின்றான். ஒரு நாள் வேடசந்தூர் பஸ் நிலையத்தில் என்னைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தினான். என்ன பேசுவதென்று இருவருக்கும் தெரியவில்லை. “அக்கா நன்றாக இருக்கிறார்களா?” என்று மட்டும் கேட்டான்.

சம்பளம் குறைவாக இருந்தால் மனமுள்ளவர்கள் மட்டுமே வருவார்கள் என்பது நம்மிடையே ஆழமாக ஊறிய நம்பிக்கை. நான் கண்டது வேறு. சம்பளம் குறைவாக இருந்தால், சொந்த வீடோ சம்பாதிக்கும் துணையோ உள்ளவர்கள் தங்குவார்கள். வேறு வழியே இல்லாதவர்களும் சிலர் தங்குவார்கள். மனமுள்ளவர்கள் இந்த இரு சாராரிலும் இருப்பார்கள், வெளியேறியவர்களிலும் இருப்பார்கள். மனத்தை அளக்கும் கருவியாகச் சம்பளத்தைப் பயன்படுத்தினால், நாம் அளப்பது குடும்பத்தின் கையிருப்பைத்தான்.

நல்ல சம்பளம் மட்டும் போதும் என்றும் நான் சொல்ல வரவில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் நாகப்பட்டினத்தில் நடந்ததைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். பெரிய பெரிய அமைப்புகள் நாடெங்கிலுமிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் வந்து இறங்கின. அனுபவமுள்ள களப்பணியாளர்களுக்குப் பெரும் தட்டுப்பாடு. எங்கள் நிறுவனத்திலிருந்தே இரண்டு பேர் மூன்று மடங்கு சம்பளத்துக்குப் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை; தங்கள் உழைப்புக்கு என்ன விலை உண்டென்று முதல்முறையாக அவர்களுக்குத் தெரிந்தது அங்கேதான். ஆனால் நிவாரணப் பணம் வற்றியதும், ஒரே மாத அறிவிப்பில் எல்லாம் முடிந்தது. ஒருவர் ஊர் திரும்பி மளிகைக் கடை வைத்தார். நான் நல்ல சம்பளம் என்று சொல்வது, அடுத்த ஆண்டும் உண்டென்று நம்பி ஒருவர் பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கக்கூடிய சம்பளத்தை. பி.எஃப். பிடித்தம் உள்ளதை. காய்ச்சல் வந்தால் நின்றுவிடாததை.

பிறகு சட்டமும் இறுகிவிட்டது. வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டத்தை 2020 செப்டம்பரில் நாடாளுமன்றம் திருத்தியது. அதுவரை வெளிநாட்டு நன்கொடையில் 50 சதவீதம் வரை நிர்வாகச் செலவு செய்யலாம் என்றிருந்தது 20 சதவீதமானது. மருத்துவமனையின் மருத்துவருக்கும் பள்ளியின் ஆசிரியருக்கும் தரும் சம்பளம் அந்தக் கணக்கில் வராது. விதியிலேயே விலக்கு இருக்கிறது. கணக்கு எழுதுபவர் சம்பளம், அறிக்கை தயாரிக்கும் செலவு, வாடகை, மின்சாரம், தொலைபேசி, வழக்கறிஞர் கட்டணம் எல்லாம் நிர்வாகச் செலவு. அதாவது, பணம் ஒழுங்காகச் செலவாகிறதா என்று பார்க்கிறவருக்கான செலவைத்தான் முதலில் சுருக்க வேண்டும். வாங்கிய நிதியை இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றித் தரவும் அதே திருத்தம் தடை போட்டது. பெரிய நிறுவனங்கள் வழியாகப் பணம் பெற்றுக் கிராமத்தில் வேலை செய்த சிறிய நிறுவனங்களுக்கு அந்த வழியும் அடைபட்டது.

கம்பெனிகளின் சி.எஸ்.ஆர். என்ற சமூகப் பொறுப்புப் பணத்தில் வேறொரு குழப்பம். 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேல் சொத்தோ விற்றுவரவோ லாபமோ உள்ள கம்பெனிகள் முந்தைய மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகத்துக்குச் செலவிட வேண்டும் என்கிறது. நிர்வாகச் செலவு அதில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று விதி. அந்த 5 சதவீதம் கம்பெனி தன்னுடைய சி.எஸ்.ஆர். பிரிவை நடத்த ஆகும் செலவுக்கான வரம்பு. 2021 திருத்தத்தில் இது தெளிவாகவே இருக்கிறது. ஆனால் நான் உட்கார்ந்த பல கூட்டங்களில் கம்பெனி அதிகாரிகள் அதை எங்கள் தலையில் வைத்தார்கள். “ஐந்துக்கு மேல் சட்டம் அனுமதிக்காது, மேடம்.” விதியை எடுத்துப்போய்க் காட்டியும் இருக்கிறேன். காட்டியவர்களுக்கு அடுத்த ஆண்டு நிதி கிடைக்குமா என்ற கவலை அறையில் உள்ள எல்லோருக்கும் இருக்கும். ஐந்து என்று ஒப்புக்கொண்டு வந்துவிடுவோம். வந்த பிறகு வாடகை யார் கொடுப்பது? மறுபடி அந்த 1,500 ரூபாய்க்குத்தான் திரும்புவோம். வேறு வேறு பெயர்களில்.

அரசாங்கமே இந்தப் பழக்கத்துக்கு முன்னோடி என்றால் மிகையில்லை. 1975-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடிப் பெண்களுக்குத் தருவதைச் சம்பளம் என்று சொல்வதில்லை; மதிப்பூதியம் என்பார்கள். சொல்லில் மதிப்பு இருந்தது. அந்தச் சொல்லைக் காட்டியே பணிக்கொடை மறுக்கப்பட்டது. 2022 ஏப்ரலில்தான் உச்ச நீதிமன்றம், மதிப்பூதியமும் ஊதியமே, இவர்களுக்கும் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி பணிக்கொடை உண்டு என்று தீர்ப்பளித்தது. அந்தச் செய்தியை நாளிதழில் படித்த காலை நான் எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டேன். வீட்டுக்குள் உட்கார முடியவில்லை.

நம் முன்னோர் எந்தக் கூலியும் இல்லாமல் தொண்டு செய்தார்கள் என்று மேடையில் பேசுகிறவர்களைத் திருமுக்கூடலுக்கு அழைத்துப் போக எனக்கு ஆசை. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இடம், காஞ்சிபுரம் பக்கம். அங்குள்ள வேங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்து நீண்ட கல்வெட்டு இருக்கிறது. பதினோராம் நூற்றாண்டு. வீரசோழன் என்ற பெயரில் 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர்சாலை, அதாவது மருத்துவமனை, அங்கே நடந்ததை அது சொல்கிறது. நான் கல்வெட்டு படிக்கத் தெரிந்தவள் அல்ல; உடன் வந்த நண்பர் அதன் செய்தியைச் சொல்லச் சொல்லக் கேட்டேன். மருத்துவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். அறுவைச் சிகிச்சை செய்பவருக்குத் தனியாக நெல். மூலிகை கொண்டுவருபவர்களுக்கு உண்டு. மருந்து காய்ச்சி நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்களுக்கு உண்டு. நாவிதருக்கும் தண்ணீர் சுமப்பவருக்கும் உண்டு. எனக்கு அது கல்வெட்டாகவே தெரியவில்லை. யாரோ ஒரு கணக்காளர் எழுதிய சம்பளப் பட்டியலாகத் தெரிந்தது. என்னைவிட நேர்மையானவர். தண்ணீர் சுமப்பவரின் நெல்லை அவர் ‘நோயாளி நலச் செலவு’ என்று மாற்றி எழுதவில்லை. அறக்கட்டளை வைத்தவர்கள் அதை மறைக்க வேண்டிய செலவாக நினைக்கவில்லை. வழிபாட்டுச் செலவுகளுக்கு அருகிலேயே, அதே கல்லில், அதே உளியால் வெட்டிவைத்தார்கள்.

மறுபக்கத்தில் ஒரு நியாயமான பயம் இருக்கிறது. அதை நான் தள்ளிவிட மாட்டேன். ஓய்வூதியத்திலிருந்து 500 ரூபாய் கொடுக்கிறவர், அந்தப் பணத்தில் ஒரு இயக்குநர் புதுக் கார் வாங்குவார் என்றால் கொடுக்கத் தயங்குவார், தயங்க வேண்டும். ஆனால் நான் பார்த்தவரையில் கார் வாங்கியவர்கள் அதிகச் சம்பளம் வாங்கியவர்கள் அல்லர். ‘நான் ஒரு பைசா சம்பளம் வாங்குவதில்லை’ என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்லும் அறங்காவலர்களில் சிலர்தான். வீட்டின் கீழ்த்தளம் அலுவலகம், அதற்கு வாடகை. கார் டிரஸ்ட் பெயரில். மகனின் கைப்பேசிக் கட்டணம் நிறுவனக் கணக்கில். சம்பளம் என்று எழுதினால் அது ஒரு வரியில் அடங்கும். யாரும் பார்த்துக் கேள்வி கேட்கலாம். சம்பளமில்லாதவரின் செலவு இருபது தலைப்புகளில் பரவிக் கிடக்கும். 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, அறங்காவலருக்கும் அவர் உறவினருக்கும் அறக்கட்டளைப் பணம் ஆதாயமாகப் போகக் கூடாது என்றது. செய்த வேலைக்கு நியாயமான சம்பளம் வாங்குவதை அது தடுக்கவில்லை. வேலை செய்கிற இயக்குநர் சம்பளம் வாங்கட்டும். எவ்வளவு என்று ஆண்டறிக்கையில் அச்சிடட்டும். அதே பக்கத்தில் மிகக் குறைந்த சம்பளம் வாங்குகிறவர் எவ்வளவு வாங்குகிறார் என்பதையும் அச்சிட வேண்டும். மேலே உள்ளவர் கீழே உள்ளவரைப் போல் ஐந்து மடங்குக்கு மேல் வாங்கக் கூடாது என்பது என் கருத்து. ஏன் நான்கில்லை, ஏன் ஆறில்லை என்று கேட்டால் என்னிடம் நிரூபணம் கிடையாது. இப்போது நான் இருக்கும் நிறுவனத்தில் அறங்காவலர்களிடம் மூன்றாண்டு வாதாடி அந்த ஐந்தை எழுதி வாங்கியிருக்கிறேன்.

அந்தப் பக்கத்தை முதன்முதலாக அச்சிட்ட ஆண்டு, தலைமை ஆசிரியரைப் பார்க்கப் போனேன். நான் நிறுவனம் மாறியபோது அவரும் தம்முடைய 500 ரூபாயை எங்களுக்கு மாற்றிக்கொண்டிருந்தார். பஸ் ஏற முடியாத வயதாகிவிட்டதால் வங்கி வழியாக அனுப்பிக்கொண்டிருந்தார். அறிக்கையைக் கையில் கொடுத்து, தொண்ணூற்றிரண்டு என்று அன்று சொன்னது சரியில்லை சார், நூற்றில் ஐம்பத்தெட்டு ரூபாய் சம்பளத்துக்கே போகிறது என்று சொன்னேன். சொல்லும்போது குரல் நடுங்கியது. அவர் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு கேட்டார்: “நான் முப்பத்து நான்கு வருடம் சம்பளம் வாங்கினேனே, அதை அரசாங்கம் என்ன செலவென்று எழுதியிருக்கும்?”

“கல்விச் செலவு, சார்.”

“நிர்வாகச் செலவு இல்லையே?”

“இல்லை.”

“அப்புறம் ஏன் அம்மா அன்றைக்கு என்னிடம் அப்படிச் சொன்னீர்கள்?” என்றார். கோபம் இல்லை. ஒரு மாணவி தெரிந்த கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டதைப் போலப் பார்த்தார். நீங்கள் கொடுப்பதை நிறுத்திவிடுவீர்கள் என்று பயந்தேன் என்றேன். ஒருவேளை நிறுத்தியிருப்பேன் என்று அவரும் உண்மையைச் சொன்னார். அந்த அறிக்கையில் மிகக் குறைந்த சம்பளம் வாங்குகிறவர் என்ற இடத்தில் விரலை வைத்து, இதில் பி.எஃப். சேர்ந்ததா, சேராததா என்று கேட்டார்.

அன்றிரவு வீட்டுக்கு வந்து, பழைய நிறுவனம் அக்காவுக்குத் தர வேண்டியது எவ்வளவு என்று ஒரு தாளில் கணக்குப் போட்டேன். மாதம் 1,500 வீதம் 26 மாதம் பிடித்தோம்: 39,000. கடைசிச் சம்பளம் 7,500. பணிக்காலம் ஏழு ஆண்டு. மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, ஆண்டுக்கு 15 நாள் வீதம் பணிக்கொடை 30,288. மொத்தம் 69,288 ரூபாய். பி.எஃப். எதிலும் சேரவில்லை. அந்த நிறுவனம் இப்போது இல்லை, இயக்குநர் காலமாகிவிட்டார். யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியாமலேதான் அக்காவைத் தொலைபேசியில் கூப்பிட்டுத் தொகையைச் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன்.

மறுமுனையில் தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்திவிட்டு, “அவ்வளவா வரும்?” என்றார். கொஞ்சம் பொறுத்து, “அந்த வருடம் அது கையில் இருந்திருந்தால் பெரியவன் பாலிடெக்னிக்கை விட்டிருக்க மாட்டான்” என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரே பேச்சை மாற்றி, குடையோடு வருவாரே ஒரு வாத்தியார், அவர் நன்றாக இருக்கிறாரா என்று விசாரித்தார்.